ஐம்பதாவது தப்படியில் ஒரு டிரம்

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது, மார்கழிப் பனிக்காக ஒரு விதி எழுதினேன். ஆபீஸ் வாசலிலிருந்து ஐம்பது தப்படியில், வெள்ளையடித்த டிரம் ஒன்று நிற்கும். காலையில் வாசலிலிருந்து பார்க்க வேண்டும். டிரம் தெரியாவிட்டால் ஒரு டிப்பரும் நகரக் கூடாது. நான் எழுதிய விதிகளில் எனக்கே பிடித்தது அது ஒன்றுதான்.

டிரம்மை ஃபோர்மன் பார்த்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷப் பழக்கம். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். பதவி உயர்வுக்கு அவரைச் சிபாரிசு செய்தவனும் நான்தான்.

ஒரு வருஷம், மார்கழிக் கடைசியில் ஒருநாள் பனி வாசற்படிவரை வந்துவிட்டது. "டிரம் தெரியுது சார்" என்றார் ஃபோர்மன். மங்கலாகத் தெரிந்தது. "ஓட்டலாம்" என்று சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்திட்டேன்.

வழக்கமாக ஜீப்பில்தான் சுரங்கத்துக்கு இறங்குவேன். அன்று ஜீப் குன்னத்துக்குப் போயிருந்ததால் நடந்தேன். நடந்தால் தப்படி எண்ணுவது என் பழக்கம். இருபத்தெட்டில் டிரம் வந்துவிட்டது.

அதற்கு அப்பால் வெறும் வெண்மை. அந்த வெண்மைக்குள் ஒரு டிப்பர் பின்னோக்கி வரும் சத்தம். சிதறிய கல்லைப் பொறுக்கும் பெண் அங்கேதான் இருப்பாள், குளிருக்குக் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு. விசிலை விடாமல் ஊதிக்கொண்டே ஓடினேன். டிப்பர் நின்றது. பின்சக்கரத்தடியில் அவள் கூடை. கையெட்டும் தூரத்தில் அவள்.

"டிரம்மை யாரு நகர்த்தினது?"

"ஒரேயடியா இல்லீங்க சார்" என்றார் ஃபோர்மன். "நாளுக்கு ஒரு தப்படி. பனின்னு உக்காந்துட்டா லோடு முடிய சாயங்காலம் ஆயிடுது. பருத்தி எடுக்கப் போவணும்னு எல்லாரும் கேட்டாங்க."

"எல்லாருமா?"

நசுங்கிய கூடையை உதறிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "நானுந்தான் கேட்டேன் சார். காட்டுல வெடிச்சு நிக்குதுல்ல."

டிப்பர் டிரைவர் இறங்கி வந்தார். "சாரு என்னிக்கு நடந்து வருவாருன்னு பந்தயமே கட்டியிருந்தோம்."

விசாரணையில் ஃபோர்மன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சார் பாத்துட்டுத்தான் ஓட்டலாம்னாரு." ஒரு வார்த்தை பொய்யில்லை. தூரத்தை யார் அளக்க வேண்டும் என்று என் விதியில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மெமோ எனக்கு வந்தது.

டிரம்மை ஐம்பதில் வைத்து சிமென்ட் போட்டுப் பூசினேன். அடுத்த பனியில் அது தெரியவில்லை. எல்லாரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுக் கூடையோடு இருந்த அந்தப் பெண் மட்டும் கேட்டாள்: "எண்ணித்தான் வச்சீங்களா சார்?"

"எண்ணித்தாம்மா."

அவள் நம்பவில்லை. எழுந்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே பனிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது:

"எங் காலுக்கு அறுபத்திரண்டு வருது சார். இருக்கட்டும்."