வேலியோரத்துக் கல்லில் இருந்த பெயர்

ஈரத்துணியால் துடைத்த கல்லில் கோலமாவைத் தேய்க்கும்போது உண்டாகும் சொரசொரப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையோரம் இருந்த எங்கள் மாதாகோயில் பங்கின் கல்லறைத் தோட்டத்தில், உப்புக்காற்றும் ஆலைப்புகையும் அரித்த எழுத்துகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மாவைப் பூசித் தட்டிவிட்டால், பள்ளத்தில் தங்கியது மட்டும் வெள்ளையாக நின்று, யாரோ ஒருவருடைய பெயராக மெல்லத் துலங்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், லாரிகளுக்காகச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், தோட்டத்தின் முன்பாதி போய்விடும் என்று பூசையில் அறிவித்தார்கள். சொந்தக்காரர்கள் இருந்தால் கல்லைப் பெயர்த்துப் பின்பக்கம் நட்டுக்கொள்ளலாம். ஆனால் வயல்வேலை செய்து செத்துப்போனவர்களின் பிள்ளைகள் பலர் ஊரை விட்டே போயிருந்தார்கள்.

"நாளைக்கு யாராவது வந்து, எங்க தாத்தாவ எங்க பொதைச்சீங்கன்னு கேட்டா இன்னா சொல்றது? பேரையாவது எழுதி வெச்சுக்கலாம்டி" என்றாள் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் மாவு தேய்க்க, நான் எழுத்துக்கூட்டிப் படித்து, பள்ளி நோட்டின் மிச்சத் தாள்களில் எழுதினேன். "ஆண்டவரில் இளைப்பாறுகிறார்" என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒரு கல்லில் தெலுங்கு இருந்தது. அதைப் படம்போல வரைந்துகொண்டேன்.

சாலையோர வேலியை ஒட்டிய வரிசையைக் கடைசியாக வைத்திருந்தோம். அது குழந்தைகளின் வரிசை. எனக்கு முன் பிறந்து அன்றைக்கே இறந்த அக்காவும் அங்கேதான் இருந்தாள். அப்போது அம்மா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். "பேரு வெக்காத கொழந்தைக்குக் கல்லு எதுக்கு?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல், கம்பி ஆலையில் வேலை பார்த்த என் நைனா, அதாவது அப்பா, சிமெண்டில் ஒரு பலகை வார்த்து நட்டிருந்தார். வருடாவருடம் கல்லறைத் திருநாளில் அம்மா அங்கே மெழுகுவத்தி ஏற்றுவாள். அதில் இருந்த கீறல்களை ஏதோ வேதவாக்கியம் என்றே நினைத்திருந்தாள். பாசியும் உருகிய மெழுகும் மூடியிருந்ததால் நானும் அதைப் படித்ததில்லை.

அந்த வரிசைக்கு வந்த அன்று அவள் நைனாவின் பலகையிலிருந்த பாசியைச் சுரண்டி மாவு தேய்த்தாள். ஈரச்சிமெண்டில் ஆணியால் கீறிய கோணல் எழுத்துகள் தெரிந்தன. நான் சத்தமாகப் படித்தேன்: "அந்தோணி மகள் ஸ்டெல்லா. பிறந்ததும் இறந்ததும் ஒரே நாள்."

"யாரு?" என்றாள் அம்மா.

"ஸ்டெல்லா."

"இன்னொரு வாட்டி படி."

படித்தேன். மாவு படிந்த கையை எடுக்காமல், கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் எந்தக் கல்லையும் நாங்கள் தொடவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த நைனாவிடம் அவள் சண்டை போடவில்லை. "எம்பொண்ணுக்குப் பேரு கீதுன்னு ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "சொன்னா நீ கூப்ட்டுக்கினே இருப்பியேன்னுதான்" என்றார்.

அவர் சொன்னபடியேதான் ஆனது. அன்று முதல் குடும்ப ஜெபத்தில் என் பெயருக்கு முன்னால் ஒரு பெயர் வந்தது. தட்டு வைக்கும்போது, அம்மா என்னைக் கூப்பிட வாயெடுத்து, "ஸ்டெல்லா" என்று கூப்பிடுவாள். நான் திருத்தியதில்லை, போய் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

மழைக்காலம் முடிந்ததும் மண்வாரி இயந்திரம் வந்தது. பெரிய கற்களைப் பின்பக்கம் சாய்த்து வைத்தார்கள். நைனா வார்த்த பலகை மெல்லியது. அவரே பெயர்த்தபோதும் பொடிப்பொடியாக உதிர்ந்துபோனது.

இப்போது நைனா இல்லை. அம்மா என்னோடு வேப்பம்பட்டில் இருக்கிறாள். கோயிலில் விசாரித்துக்கொண்டு, நாங்கள் எழுதிவைத்த பெயர்களைக் கேட்டு எங்கெங்கிருந்தோ போன் வருகிறது. தாத்தாவின் அப்பா பெயர் கிடைத்ததென்று சிலர் அழுகிறார்கள். எப்போதாவது கும்மிடிப்பூண்டிக்குப் பஸ்ஸில் போகும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஸ்டெல்லா எடம் வந்துச்சாடி?" என்று கேட்கிறாள். வேலியும் இல்லை, வரிசையும் இல்லை. முன்னும் பின்னும் லாரிகள். ஏதோ ஓர் இடத்தில், "இங்கதாம்மா" என்கிறேன். அவள் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.