எங்கள் வீட்டுக்கு வந்தவளின் காது

போர் முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். அம்மா புதிதாக ஒரு வேலை எடுத்தார். பெற்றோரோடு இருக்க முடியாமல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பிள்ளைகளை வீட்டில் வைத்து வளர்க்கும் வேலை. பாரிஸில் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் என் அறையின் பாதி அன்றோடு போயிற்று.

வந்தவளுக்கு ஏழு வயது, எனக்குப் பத்து. வன்னியில் பிறந்தவள், தகப்பன் இல்லை. தாய் இங்கே வந்தபின் மனம் குழம்பி, ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தார். அதனால் ஜூஜ், அதாவது நீதிபதி, பிள்ளையை வேறு வீட்டில் விடச் சொல்லியிருந்தார். இதையெல்லாம் கேட்டால் இரக்கம் வரவேண்டும். எனக்கு வயிறுதான் எரிந்தது.

அவளுக்கு அம்மா இரட்டைப் பின்னல் பின்னிவிடுவார். நான் சீப்போடு போனால், "நீ பெரிய பிள்ளை, நீயே இழு" என்பார். அவள் தமிழில் வாயாடுவாள். நான் எதற்கும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வேன். "அவளைப் பார், எவ்வளவு வடிவாக் கதைக்கிறாள்" என்று அம்மா சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. என் அம்மா கட்சி மாறிவிட்டார் என்றே நினைத்தேன்.

அவளுக்கு எது செய்வதென்றாலும் அனுமதி வேண்டும். அவளுடைய காரியங்களைப் பார்க்க எடுகாத்ரிஸ், அதாவது சமூகப் பணியாளர், ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தார். நுனி முடி வெட்டுவதற்குக்கூட அவர் தாயிடம் கேட்டுச் சொல்லவேண்டும். அதுவும் எனக்கு எரிச்சல். என் முடியைப் பற்றி இந்த நாட்டில் யாருக்குக் கவலை?

காது விஷயத்தில்தான் அம்மா சறுக்கினார். குத்தவேண்டிய வயதில் அவள் போருக்குப் பயந்து பங்கர் குழிக்குள் இருந்திருக்கிறாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் மூளிக் காது?" என்று கோயிலில் பெண்கள் அம்மாவைப் பிய்த்தெடுத்தார்கள். ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் ஒரு நகைக்கடைக்கு எங்களைக் கூட்டிப் போய் அவளுக்குக் காது குத்துவித்தார். சிவப்புக் கல் தோடு. முடிக்கு அனுமதி கேட்டவருக்குக் காதுக்கும் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. காது குத்துவது சோறு கொடுப்பது மாதிரி, வளர்ப்பவள் செய்வது என்றே நினைத்திருந்தார். வரும் வழியெல்லாம் நான் அவர்களை விட்டு முன்னால் நடந்தேன்.

புதன்கிழமை தாயும் பிள்ளையும் சந்திக்கும் நாள். எடுகாத்ரிஸின் அலுவலகத்தில், அவர் முன்னால்தான் சந்திக்கலாம். நானும் அம்மாவும் வெளியே கதிரையில் இருந்தோம். கதவு மூடியிருந்தும் தாயின் குரல் கேட்டது.

"என்ரை பிள்ளைக்குக் காது குத்த அவ ஆர்? நான் என்ன செத்தே போனன்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கோ அந்தக் குரல் நன்றாகப் புரிந்தது. எனக்கு இருந்த அதே வருத்தம்தான் அந்தப் பெண்ணுக்கும்.

பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கவே கூடாது என்று தாய் ஜூஜிடம் ஒற்றைக்காலில் நின்றார். அம்மா மன்னிப்புக் கேட்டார், அழுதார். ஒன்றும் எடுபடவில்லை. பாரிஸுக்கு வெளியே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்கு அவளை மாற்றுவதாக முடிவாயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அறையும் எனக்கு, அம்மாவும் எனக்கு.

போகும் நாள் காலையில் எடுகாத்ரிஸ் அவளுடைய பையைக் காரில் வைக்கப் போனார். அம்மா குசினிக்குள் அழுதுகொண்டிருந்தார். அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, உங்களுக்குக் காது குத்தேக்கை உங்கட அம்மா ஆரிட்டைக் கேட்டவ?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. ஏன் கேக்கோணும்?"

"முடி வெட்டேக்கை?"

"கேக்கேல்லை."

 அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நாளும் நான் அவளைப் பார்த்தது அப்படித்தான்.