தெருமுனை வரை கேட்கும் காற்றுக் குழாய்

"வாயை அகலத் திறந்தா மட்டும் மூச்சு வந்துடாதுடா" என்பார் ஆஸ்துமாக்காரரான என் பெரியப்பா. அதற்கு இன்னொரு பாதி உண்டு, எனக்கு மறந்துவிட்டது. பழைய கார்களுக்குக் காற்றுக் குழாய் மாற்றித் தருவது என் பிழைப்பு என்பதால், நினைவில் நின்ற பாதியே போதுமாக இருக்கிறது. ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப்பில் காலம் கழித்துவிட்டு வந்து கரமனையில் கடை போட்டேன். எஞ்சின் காற்றிழுக்கும் வழியைப் பெரிதாக்கினால் வண்டி பறக்கும் என்று நம்பி, பெரிய எஞ்சின் வைத்த பழைய சின்னக் காரை இன்னும் விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் அன்பர்களே, நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

தண்ணீர்

நீளக் குழாய் என்று ஒன்று உண்டு. அதில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் தொங்கும். அங்கேதான் குளிர்ந்த காற்று கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு போட்டவன் நம் ஊர் மழையைப் பார்த்ததில்லை. ஒருவர், நான் வேண்டாம் என்று சொல்லியும், வேறு கடையில் அதை மாட்டிக்கொண்டார். ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீருக்குள் வண்டியை இறக்கினார். பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

காற்று போகவேண்டிய இடத்தில் தண்ணீர் போய், எஞ்சினுக்குள்ளே பிஸ்டனைத் தாங்கும் ராடு வளைந்திருந்தது. காயவைத்தால் ஓடுமா என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னோடு வேலை செய்யும் பிஜு பாறசாலைக்காரன். பாதி தமிழ், பாதி மலையாளம். பானட்டை மெதுவாக மூடிவிட்டுச் சொன்னான்: "வெள்ளம் குடிச்ச எஞ்சினும் ஆளும் ஒண்ணுதான் சாரே. குலுக்கிப் பாக்கலாம், எழும்பாது."

மூன்றில் ஒன்று

கண்ணன் வலியசாலை அக்ரஹாரத்துப் பையன். ஐ.டி. வேலை, கல்யாணம் ஆகவில்லை, அப்பா பெயரில் ஒரு பழைய கார். எந்தக் குழாய் நல்லது என்று கேட்டு, சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்துவிடுவான். நீளக் குழாய் மழைக்கு ஆகாது என்றேன். எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஃபில்டர் நிற்கும் குட்டைக் குழாய் சூட்டைத்தான் இழுக்கும், தம்பானூர் நெரிசலில் வண்டி முன்னைவிடச் சோர்ந்துபோகும், அதன் லாபம் சத்தம் மட்டுமே என்றேன். கம்பெனிக்காரன் கொடுத்த ஃபில்டர் பெட்டியை அப்படியே விட்டு, உள்ளே நல்ல ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொள் என்பது என் யோசனை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, குட்டைக் குழாயைக் காட்டினான். சத்தத்துக்காகவா இவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் சொன்னான்: "தெருமுனையில திரும்பறச்சே அம்மாவுக்குக் கேக்கணும் அண்ணா. நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள தோசைக்கல்லைப் போட்டுடுவா."

பரிசோதனை

அடுத்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் கண்ணனைக் கொண்டுபோய்விட்டது. மழைத்தண்ணீரில் நடந்து வீட்டுக்குப் போன ஒரு நாள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலையில், நான் குட்டைக் குழாய் மாட்டிக் கொடுத்திருந்த அந்த வண்டியை அவன் அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, மறுபதிவுக்குக் காட்ட வேண்டும். இங்கே நடப்பது உங்களுக்குத் தெரியும். பரிசோதனைக்குப் போகுமுன் குழாயைக் கழற்றிப் பழைய பெட்டியை மாட்டுவோம். பாஸானதும் வண்டி நேராகக் கடைக்கு வரும், குழாய் பழைய இடத்துக்குப் போகும். முறையில்லைதான். ஆனாலும் அன்று மாமா திரும்பி வந்தபோது, பிஜு குழாயைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தான்.

மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை. குழாயைப் பின் சீட்டில் வைத்துவிடச் சொன்னார். அவராகவே, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பேட்டரி இறங்காம இருக்கட்டும்னு சாயங்காலம் ஒரு சுத்து போயிட்டு வரேன். அவன் இல்லேன்னு அவன் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா அந்தச் சத்தம் கேட்டா எழுந்து போய்க் கல்லைப் போட்டுடறா."

பெட்டி

கம்பெனிப் பெட்டியைப் போல நல்ல சாமான் இல்லை என்பது என் கட்சி. மழைக்கு நனையாது, வெயிலுக்குச் சுடாது, தெருவுக்குத் தொந்தரவில்லை. மாமாவின் வண்டியைப் பொறுத்தவரை ஒரு சரியான வேலை முடிந்தது என்றே இருந்தேன். தையில் அவர் மறுபடி வந்தார். அந்தக் குழாய் பின் சீட்டிலேயே கிடந்தது. ஆள் இளைத்திருந்தார்.

மாமி இப்போது அடுக்களைப் பக்கமே போவதில்லையாம். ஹோட்டலில் வாங்கிவந்து கொடுப்பதை ஒரு வாய் தொட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். வண்டி வாசலில் வந்து நின்றாலும் தெரிவதில்லை. மறுபடி குழாயை மாட்டுவது அந்த அம்மாவை ஏமாற்றுவது, பாவம் கிட்டும் என்று பிஜு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான். அது மாமாவின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "ஏமாந்தாலும் எழுந்திருந்தாளேப்பா. தினம் எழுந்து, கல்லைப் போட்டு, அழுதுண்டே ரெண்டு தோசை வார்ப்பா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவளுக்கு. நீங்க ரெண்டு பேரும் படிச்ச தொழிலாச்சே, எது நல்லதுன்னு சொல்லுங்கோ."

நான் பெட்டியைக் கழற்றிவிட்டுக் குழாயை மாட்டினேன்.