கால்வாய்ப் பக்கம் சாய்ந்த சூப்

இன்று காலை சீஸ் கடை வாசலில் நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? நீன்கே! ஐரோப்பிய மாணவர் வீடியோப் போட்டியில் முதல் பரிசு தட்டி வந்த அதே நீன்கே! கையெல்லாம் சிமெண்டு, வாயெல்லாம் சிரிப்பு.

நெதர்லாந்திலுள்ள எங்கள் கௌடா ஊர்த் தொழிற்பள்ளியில் கொத்துவேலை படிக்கிறவள் அவள். தொழிற்கல்வி, விண்வெளி, பருவநிலை மாற்றம் மூன்றையும் ஒரே படத்தில் இணைத்துக் காட்ட வேண்டும் என்பது போட்டி. எதிரே நின்றதெல்லாம் பெரிய பெரிய பள்ளிகள்.

"செங்கல் அடுக்குறவளுக்கு ராக்கெட் எதுக்கு?" என்று சொந்த அண்ணன் யெல்லேயே கிண்டலடித்தான். ஜெயித்தே தீருவது என்று அந்த நொடியில் முடிவு செய்துவிட்டாள்.

விஷயம் அவள் தெருவிலேயே கிடந்தது. கோடை வெயில் ஏற ஏற, அடியிலுள்ள பஞ்சு போன்ற சதுப்பு மண் காய்ந்து அமுங்குகிறது. வீடுகள் கால்வாய்ப் பக்கம் சாய்கின்றன. எவ்வளவு அமுங்கியது என்பதை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து சொல்வது செயற்கைக்கோள். அதன் வரைபடத்தில் அதிகம் அமுங்கும் இடம் சிவப்பு; அந்தத் தெரு செக்கச்செவேல். ஆனால் வெறும் சிவப்புப் புள்ளியைப் பார்த்து யார் பதறுவார்கள்?

சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவோம், வீடு சாய்ந்தால் தட்டிலுள்ள சூப்பும் ஒரு பக்கம் ஒதுங்குமே என்று நினைத்தாள். மாலை ஆறானால் எல்லார் வீட்டிலும் சாப்பாடு. ஜன்னலுக்குத் திரையும் கிடையாது. ஜன்னலில் தொடங்கித் தக்காளி சூப்பில் போய் நிற்கட்டும் கேமரா!

கூட்டாளி சூஃபியான் வீடு வீடாகப் படம் பிடித்தான். ஆனால் ரசமட்டம் வைத்த மாதிரி எல்லாச் சூப்பும் தட்டுக்கு நடுவே நேராக நின்றது!

"வீடு சாயுதுன்னியே. சூப்பு சாயலையேடி!"

நீன்கே அதே தெருவிலுள்ள ஹெட்டி அத்தை வீட்டு மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். கேமரா வருகிறது என்றதும் தெருவே மானத்தைக் காப்பாற்ற, கோப்பைக்கு அடியில் வைக்கும் பீர் அட்டையை மடித்து மேசைக் காலுக்கெல்லாம் செருகியிருந்தது! படத்தை அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள்.

"ஹெட்டி அத்தை, அட்டையை எடுங்க."

"போடி! என் வீடு கோணல்னு ஐரோப்பா பூரா பாக்கணுமா?"

"வானத்துலேருந்து ஏற்கெனவே பாத்தாச்சு அத்தை. இனிமே யாருகிட்ட மறைக்கப் போறீங்க?"

ஹெட்டி அத்தை முறைத்தார். பிறகு தானே முட்டிபோட்டு அட்டையை உருவினார். "அந்தப் பக்கத்து வீட்டு கோர் மட்டும் நேரா உக்காந்து தின்னுருவானா? வா, அவன் அட்டையையும் புடுங்குவோம்!" தெரு முழுக்க அட்டை உருவியது அவர்தான்.

படத்தில் தட்டு மேல் தட்டு வருகிறது. எல்லாச் சூப்பும் கால்வாய்ப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அப்புறம் அந்தச் சிவப்பு வரைபடம். கடைசியில் கரண்டியும் கையுமாக நீன்கே: "எங்க அமுங்குதுன்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. அஸ்திவாரத்தைத் தூக்கி நிறுத்த ஆள் வேணும்ல? நாங்க இருக்கோம்."

பரிசளிப்பு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதாம்! எனக்கு இதைத் தட்டச்சு செய்யும்போதே கண் கலங்குகிறது. அண்ணன் யெல்லே இப்போது கடை கடையாக, "அந்த ராக்கெட்டுக்காரி என் தங்கச்சி!" என்று சொல்லித் திரிகிறான்.

சனிக்கிழமை தொழிற்பள்ளிப் பட்டறையில் படம் போடுகிறார்கள். சூப் ஹெட்டி அத்தை கைப்பக்குவம். தொழில் படிக்கும் ஒரு பிள்ளைக்காவது இந்தப் பதிவை அனுப்பிவிட்டு, நீங்களும் போய்ப் பாருங்கள். பீர் அட்டையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்!