டால்டாக் கை

பிஸ்கட் வாசனை வந்தால் ஊருக்கெல்லாம் நாக்கில் நீர் ஊறும். எனக்குக் கொட்டாவி வரும். அம்மா பிஸ்கட் சுடும்போது பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கம்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரே தறி. கரையைத் தனியாகக் கோர்த்து நெய்யும் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா நெய்வார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருப்பாள். எனக்கு இன்னும் கை எட்டாது. தலை வாரக்கூட அம்மாவால் வலது கையைத் தூக்க முடியாது. அந்த அளவுக்குத் தோள்வலி. சொன்னால், "சேல முடியட்டும்" என்பார் அப்பா. அது முடிவதற்குள் அடுத்த சேலைக்குப் பாவு நூல் வந்து நிற்கும்.

இந்த லட்சணத்தில் அவளுக்குப் பிஸ்கட் பைத்தியம் வேறு. குண்டானில் ஆற்று மணலைக் கொட்டி, அதன் மேல் தட்டை வைத்து, மூடி மேல் கரித்தணலைப் பரப்பிவிடுவாள். மைதாவும் சர்க்கரையும் டால்டாவும் பிசைந்த மாவில் ஓமம் போட்டு ஒரு ஈடு, தேங்காய்ப்பூ போட்டு ஒரு ஈடு. பிறகு எள், வேர்க்கடலை, முந்திரி. எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டுத் தொலைக்கக்கூடாதா என்று நான் கெஞ்சினால், "ருசி கெட்டுடும்மா" என்பாள். ஒவ்வொரு ஈடும் வேகும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடக்கும்.

அன்றும் அப்பா தறியிலிருந்து கத்தினார். "இன்னா, வரியா இல்லியா? எவ்ளோ நேரம் தறி சும்மா கெடக்கிறது?"

"கையெல்லாம் டால்டா. இதோட வந்து பட்டத் தொடட்டுமா?"

பட்டில் எண்ணெய்க் கை பட்டால் சேலையே பாழ்.

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, அடுத்த தெரு. யார் கஷ்டப்பட்டாலும் பொறுக்க மாட்டாள்.

"அடடா, நீ ஏம்மா ரெண்டு பக்கமும் அல்லாடுற? மீதிய நான் சுடறேன். சீக்கா போட்டுக் கையக் கழுவிக்கினு நீ தறிக்குப் போ. தம்பி பாவம், காத்துக்கினு இருக்கான்."

"இன்னும் எள்ளு போடல, அண்ணி…"

"எனக்குப் போடத் தெரியாதா?"

அம்மா சீயக்காய் தேய்த்துக் கை கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். பிறகு தறிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நாடா ஓடும் சத்தம் கேட்டது. அத்தை சுட்டது மொறுமொறுவென்று இருந்தது. அதை ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை.

அதற்கப்புறம் அத்தை கூரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போனால்தான் எங்கள் வீட்டில் டால்டா டப்பா திறக்கும். அத்தைக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். பெற்ற தாய்க்கு இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது என்று நொந்துகொண்டு, முந்திரி பிஸ்கட் இரண்டை எடுத்து ஒளித்துவைத்து, அத்தை ஊரிலிருந்து வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தை கடித்துப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டாள். "சுடறப்ப ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருந்தா, நான் வந்து ஒத்தாசை பண்ணியிருப்பேனே!"

"அடுத்த வாட்டி நானே வந்து சொல்றேன் அத்தை" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.