டம்ளரைக் கவிழ்த்தால் நான் பேச வேண்டும்

என் அத்தான் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த மனுஷன் வாயிலிருந்து ‘மாட்டேன்’ என்ற சொல் ஒரு தடவைகூட வந்தது கிடையாது. வராவிட்டால் தொலையட்டும், அதை என் வாயிலிருந்து வரவழைத்தார். அதுதான் கோபம். அவர் சொல்ல வேண்டிய மாட்டேன்களையெல்லாம் நான் சொன்னேன். அவருக்குத் தங்கமான மனுஷன் என்று பேர். எனக்குக் கடுவன் பூனை என்று பேர்.

நாங்கள் சோபா தைக்கிறவர்கள். பழைய சோபா, நாற்காலி, கார் சீட்டு எது வந்தாலும் கிழித்து, உள்ளே நைந்துபோன ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் போட்டு, புதிதாக வைத்து, மேலே துணியோ ரெக்சினோ இழுத்துப் பிடித்து ஆணி அடித்துக் கொடுப்போம். கடையின் முன்பக்கம் அத்தான், பின்பக்கம் நான். மாடியில் இரண்டு அறை, அதில்தான் அவரும் அக்காவும் குடித்தனம்.

ஒரு டாக்டரம்மா வந்து நிற்பார்கள். “விருந்தாளி வர்றாங்க, நாளைக்கே சோபா வேணும்.”

“சரிம்மா, குடுத்துடலாம்” என்பார் அத்தான். பின்னால் கைவைக்க இடமில்லாமல் வேலை கிடக்கும். அது அவருக்கும் தெரியும். டீ குடித்த டம்ளரை எடுத்து மேஜை மேல் மெதுவாகக் கவிழ்த்து வைப்பார். அதுதான் எனக்குச் சாடை. நான் வாயில் கவ்வியிருக்கும் ஆணியோடு எழுந்து வந்து, “நாளைக்கா? பத்து நாள் ஆகும். அவசரம்னா வேற கடை பாருங்க” என்பேன். அந்தம்மா முகம் சுருங்கி அத்தானைப் பார்ப்பார்கள். அவர், ‘என்னம்மா செய்யறது, இவன் குணம் இப்படி’ என்பதுபோல உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் சுத்தியலால் ஒன்று போடலாமா என்றிருக்கும்.

அக்காவிடம் போய்ச் சொன்னால், “வாயில்லாப் பூச்சிக்கு நீதான்டா வாய். திட்டு வாங்குனா உடம்பு தேஞ்சா போயிடும்?” என்பாள்.

அக்காவுக்கும் அவரிடம் ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது. “உண்மையைச் சொல்லுங்க. என்னைப் புடிச்சுக் கட்டுனீங்களா, இல்ல மாட்டேன்னு சொல்லத் தெரியாம கட்டுனீங்களா?” என்று கேட்பாள். அத்தான் சிரித்துக்கொண்டே, “ஆமா” என்பார். எதற்கு ஆமா என்று கடைசிவரை சொல்லவில்லை. அக்கா போய்ச் சேர்ந்த அன்று அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுத அழுகையைப் பார்த்தவர்களுக்கு அது எதற்கு ஆமா என்று தெரியும்.

அவர்களுக்கு ஒரே பையன். நன்றாகப் படித்து, தூரத்தில் பெரிய நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நல்ல பையன், குறை சொல்ல முடியாது. அக்கா போன பிறகு, அப்பா தனியாகக் கிடக்கிறாரே என்று அவனுக்கு உறுத்தல். போனில் பேசும்போதெல்லாம், “எங்ககூட வந்துடுங்கப்பா” என்பான். இவர், “பாக்கலாம்ப்பா” என்பார். பாக்கலாம் என்பதைப் பையன் பாதிச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் அவனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். மறுநாள் மத்தியானம் எங்களைப் பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அன்று காலையிலேயே அத்தான் பின்பக்கம் வந்தார். நான் ஒரு நாற்காலியைக் குப்புறப் போட்டு வேலையில் இருந்தேன்.

“மாப்ளே, இன்னிக்கு அந்த விஷயத்தை முடிவு பண்ணப் போறான்.”

“போறீங்களா?”

“எங்கடா போறது? கடை இருக்கு, மேல அவ இருந்த ரூம் இருக்கு. அவன் இருக்கற மாடி உசரத்துல போய் உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவேன்?”

“அதை அவன்கிட்டச் சொல்லுங்க.”

“நீ சொல்லிடு.”

“அத்தான், வர்றவன் போறவனுக்கெல்லாம் நான் சொன்னேன். இவன் உங்க பிள்ளை. நீங்கதான் சொல்லணும்.”

வெகுநேரம் ஆணி டப்பாவைக் கிளறிக்கொண்டு நின்றார். “சரி, நானே சொல்றேன். வாய் வரலைன்னா டம்ளரைக் கவுக்கறேன்” என்றார்.

அந்த ஹோட்டல் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது. நம்ம சமையலையும் வெளிநாட்டுச் சமையலையும் கலந்து புதிதாக எதையோ செய்கிறார்களாம். உள்ளே இருட்டு. வெளியே நல்ல வெயிலடிக்கிறது, இவர்கள் திரையைப் போட்டு மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். சுவரோடு ஒட்டி நீளமாக ஒரு சோபா. அத்தானையும் என்னையும் அதில் உட்காரவைத்து, சர்வர் மேஜையை எங்கள் வயிறுவரை தள்ளிவிட்டுப் போனான். பையனும் மருமகளும் எதிரில் நாற்காலியில். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட இரண்டு பேர் வந்து மேஜையை இழுக்க வேண்டும். சீட்டில் ஸ்பாஞ்சு வேறு அளவுக்கு மீறிய மெத்து. உட்கார்ந்தவன் முழங்கால் காதுக்கு வருகிறது.

“என்ன வேணும்னு கேக்க மாட்டாங்களா?” என்றேன்.

“இங்க கேக்க மாட்டாங்க மாமா. அவங்களே ஒண்ணொண்ணா கொண்டுவருவாங்க. எல்லாம் முடிய ரெண்டு மணி நேரம் ஆகும்” என்றான் பையன்.

“நடுவுல எந்திரிச்சுப் போகணும்னா?”

“எதுக்கு மாமா போகணும்?”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் டம்ளரைத் தேடிக்கொண்டிருந்தார். டம்ளர் இல்லை. நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைதான் இருந்தது.

முதலில் ஒரு தட்டு வந்தது. வண்டிச் சக்கரம் அகலம், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு என்னவோ. சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நின்று அதற்கு ஒரு கதை சொன்னான். கதை முடிவதற்குள் நான் தின்று முடித்திருந்தேன். அடுத்தது கண்ணாடி மூடி போட்டு வந்தது, உள்ளே வெறும் புகை. மூடியை எடுத்ததும் புகை எங்கள் முகத்தில் வந்து அடித்தது. “நம்ம கடையில ஸ்பாஞ்சு தீப்புடிச்ச அன்னிக்கு இதே வாசம்தான்” என்றேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நல்லா இருக்கும்மா” என்றார்.

ஒவ்வொரு தட்டு காலியானதும் பையன் தொண்டையைச் செருமுவான். “அப்பா, நான் என்ன நெனச்சேன்னா...” அத்தான் நிமிர்ந்து வாயைத் திறப்பார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சர்வர் அடுத்ததோடு வந்து நிற்பான். அத்தான் கோப்பையைக் கவிழ்க்கப் பார்த்தார். காம்பு மேலே நிற்க எப்படியோ கவிழ்த்தும் விட்டார். சர்வர் பின்னாலிருந்து கையை நீட்டி அதை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். மறுபடி கவிழ்க்க வேண்டுமென்றால் அவ்வளவு தண்ணீரையும் குடிக்க வேண்டும். குடித்தார். கவிழ்த்தார். அவன் நிமிர்த்தினான். எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் இன்னும் கேட்கவே இல்லையே, கேட்காததற்கு நான் எப்படி மாட்டேன் என்பது?

அப்புறம்தான் அந்தக் கல் வந்தது.

ஒரு மரப்பெட்டி நிறையக் கூழாங்கல். சின்னச் சின்ன உருளைக்கிழங்கை வேகவைத்து, சாம்பல் நிறத்தில் எதையோ பூசி, கல்லோடு கல்லாக நடுவில் அடுக்கியிருந்தார்கள். “நடுவுல இருக்கறது மட்டும்தான் சார் சாப்பிடறது, மத்ததெல்லாம் அலங்காரம்” என்று சர்வர் சொன்னது என் காதில் விழுந்தது. அத்தான் காதில் விழவில்லை. அவர் கண் கோப்பையிலேயே இருந்தது. கை ஓரத்துக்குப் போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் பையன் அந்த நேரத்தில்தான் கேட்டான்.

“அப்பா, உங்களுக்கு ரூம் ரெடி பண்ணிட்டோம். இந்த முறை எங்ககூடவே வந்துடுங்க. அம்மா இருந்தா அவங்களும் இதைத்தான் சொல்லுவாங்க.”

அத்தான் கை கோப்பைக்குப் போனது. கவிழ்த்தது. தண்ணீர் மேஜை விரிப்பெல்லாம் பரவியது. சாடை கிடைத்துவிட்டது.

“அவரு வர மாட்டாரு” என்றேன்.

“மாமா, நான் அப்பாவைக் கேட்டேன்.”

“அவருக்குப் பதிலாத்தான் சொல்றேன். கடையை விட்டு வர மாட்டாரு.”

“கடைக்கு ஆள் வேணும்னு நீங்க புடிச்சு வெச்சிருக்கீங்க. சின்ன வயசுலேருந்து பாக்கறேன், அப்பாவைப் பேசவே விட்டதில்ல நீங்க.” அவன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “நீங்க சொல்லுங்கப்பா. மாமா இருக்காருன்னு பாக்காதீங்க. வர்றீங்களா?”

அத்தான் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பக்கத்தில் சர்வர் வேறு குனிந்து, “நல்லா இருக்கா சார்?” என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

“ம்” என்றார் அத்தான்.

பையன் அவரைக் கட்டிக்கொண்டான். மருமகள் கண்ணைத் துடைத்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் ஏதோ பிறந்தநாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் மேஜையைத் தள்ளப் பார்த்தேன். அது நகரவில்லை.

அதற்குப் பிறகும் மூன்று தட்டு வந்தது. ஒரு நுரை, ஒரு ஐஸ், என்னவோ ஒரு பொடி. அத்தான் எல்லாவற்றையும் ஒரு கன்னத்தாலேயே தின்றார். கை கழுவப் போன இடத்தில் வாயிலிருந்து உள்ளங்கையில் துப்பினார். நல்ல வழுவழுப்பான கல்.

“அங்கேயே துப்பியிருக்கலாமே!”

“எப்படிடா? எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நல்லா இருக்கான்னு வேற கேக்கறான்.”

“சரி, இப்பப் போய்ச் சொல்லுங்க. வாய்ல கல்லு இருந்துச்சு, அதான் ம்னு சொன்னேன்னு சொல்லுங்க.”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பையன் போனில் யாரிடமோ, “அப்பா ஒத்துக்கிட்டாரு” என்று சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அத்தான் கதவை மூடினார். கல்லைக் கழுவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இப்ப எப்படி மாப்ளே சொல்றது?” என்றார்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவன் நம்புவானா? அவன் கணக்கில் நான்தான் சிறை வைத்தவன், அவன் மீட்டுக்கொண்டு போகிறவன்.

அந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது முன்பக்கமும் நான்தான், பின்பக்கமும் நான்தான். முதலிலேயே முடியாது என்று சொல்லிவிடுவதால் வருகிறவர்கள் பாதிப்பேர் அப்படியே திரும்பிப் போகிறார்கள். அவர் போய் மழைக்காலமும் முடிந்துவிட்டது. அத்தான் தினமும் மத்தியானம் போன் செய்கிறார். அவர்கள் வேலைக்குப் போன பிறகு, ஆளில்லாத வீட்டில் ரகசியக் குரலில் பேசுகிறார்.

“யாரும் இல்லையே, எதுக்குக் கிசுகிசுக்கறீங்க?”

“பழகிடுச்சு.”

“நல்லா பாத்துக்கறாங்களா?”

“அதான்டா தொல்லை. திட்டுனாச் சண்டை போட்டு வந்துடலாம். தலையில வெச்சுத் தாங்கறாங்க. எதைச் சொல்லிட்டு வர்றது?”

வாசல் கதவு ஏதோ நம்பரை அழுத்தினால்தான் திறக்குமாம். நம்பரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், திறந்து போக இடம்தான் இல்லை. ஜன்னல் கண்ணாடி திறக்காது. வீட்டில் இருக்கும் சோபா புத்தம் புதுசு, எங்கேயும் கிழிசல் இல்லை. பொழுது போகாமல் ஒரு தலையணை உறையின் தையலைப் பிரித்து, திரும்பத் தைத்து வைத்தாராம். மருமகள் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எதுக்கு மாமா இந்த வேலையெல்லாம்” என்று பாசமாக ஊசியை வாங்கி எங்கேயோ வைத்துவிட்டாளாம். திருப்பிக் குடு என்று கேட்டீர்களா என்றேன். பேச்சை மாற்றி, கடையில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார்.

நேற்று போன் வந்தபோது நான் ஒரு கார் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“மாப்ளே, ஒரு உபகாரம் பண்ணு. கெளம்பி இங்க வா.”

“வந்து?”

“வந்து சத்தம் போடு. கடை படுத்துடுச்சு, அவரு இல்லாம நடக்காது, கூட்டிட்டுத்தான் போவேன்னு நடு வீட்டுல நில்லு. அவன் உன்னைத் திட்டுவான். திட்டட்டும், உனக்கென்ன புதுசா?”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“நான் என்னத்தைச் சொல்றது? டம்ளரைக் கவுத்து வெச்சிருக்கேன். இங்க அதை நிமித்த ஆள் இல்ல.” குரலை இன்னும் தாழ்த்தினார். “மாப்ளே, நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிடாதே. நீயா வந்ததா இருக்கட்டும்.”