அந்தப் பெண்ணை நான்தான் அனுப்பினேன்

முதல் அறிகுறி என் மூக்கு. மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் கணவர், தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவரே வரைந்த படம்.

“மூக்கு தப்பா இருக்குது” என்றார்.

“அப்ப திருத்துங்க.”

“படத்துல இல்ல. உனக்குத்தான்.”

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தாராக்கும் என்று சிரித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். வீட்டில் இதே நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

கள்ளக்குறிச்சியில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். மஸ்கட்டுக்கும் பலகை எழுதத்தான் போனார். அங்கே ஒரு முதலாளி, இறந்துபோன தன் தந்தையின் மங்கிய புகைப்படத்தைக் கொடுத்து வரையச் சொன்னார். முகம் அப்படியே அமைந்துவிட்டது. பிறகு பணக்கார வீடுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. கேட்டவர்களுக்கு மருவை எடுத்தார், தழும்பை அழித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் தனக்காக வரைந்தது வேறு. தொழிலாளர் அறைகளில் ஒருவருக்கொருவர் முடிவெட்டிக்கொள்பவர்கள், சட்டி கழுவுகிறவர்கள், சுவரைப் பார்த்து நின்று ஊருக்குப் போன் பேசுகிறவர்கள். அந்தப் படங்களைக் கண்காட்சியில் வைத்தார்கள். பேர் வந்தது. எனக்கு அவர் வருஷத்தில் ஒரு மாதம் ஆள், மிச்ச மாதமெல்லாம் குரல். அவருக்கு நானும் அப்படித்தான்.

மூக்கில் தொடங்கியது சில நாட்களில் முழு முகத்துக்கும் வந்தது. “செல்வி எங்க?” என்று என்னிடமே கேட்டார்.

“நான்தாங்க செல்வி.”

“அவ மாதிரி வேஷம் கட்டிக்கினு வந்துக்கிற. யாரு உன்ன அனுப்பனது?”

அன்று படத்தில் தூசி துடைக்கப் போனேன். “அவளத் தொடாத” என்று அலறி, வண்ணம் கலக்கும் கத்தியை என் முகத்தில் வீசினார். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். எனக்காக என்னையே அடித்தார். அவர் தம்பி சேகர் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி, என் புடவையால் கைகளைக் கட்டினார். சேகரின் தோளில் சதை தெறிக்கக் கடித்தார். கட்டிய கைகளோடேயே வலிப்பு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு ரத்தமாகக் கக்கினார்.

விடுமுறைக்கு வந்த புதிதில் வெள்ளிமலைக்குப் படம் வரையப் போனபோது ஏதோ பேய் பிடித்துக்கொண்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். மலைக்கே கூட்டிப்போய் மந்திரிக்க ஜீப்பும் பேசிவிட்டார்கள். ஜீப் வந்தது. நான் அவரை ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

அங்கே முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். தன்னெதிர்ப்பு மூளையழற்சி (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது) என்றார் மருத்துவர். என்னை வேறொருத்தி என்று நம்புவதும் அதனால்தான்.

“கண்ணு உங்கள அடையாளம் காணுதும்மா. நம்ம ஆளுங்கிற உணர்வு மட்டும் வரல. அதனால போலின்னு மூளை முடிவு கட்டிடுது.”

“சரியாவுங்களா?”

“நிறைய பேருக்கு ஆகுது. ஆனா மருந்து உடனே உள்ள போகணும்.”

மருந்து போகவில்லை. ஊசியைப் பிடுங்கி எறிந்தார், நர்ஸின் கையை முறுக்கினார். பிடிக்கப் போன என்னை உதைத்ததில் விலா எலும்பில் விரிசல். அவர் பிழைக்காவிட்டால், என்னைத் தேடிக்கொண்டே, என்னை வெறுத்துக்கொண்டே சாவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வராந்தாவுக்கு வந்து, வேறு வழி தெரியாமல் அவர் போனுக்கு அடித்தேன். சேகர் அவர் காதில் வைத்தார்.

“செல்வி, எங்க கீற? இங்க ஒருத்தி உன் பொடவயக் கட்டிக்கினு சுத்துறா. சீக்கிரம் வா.”

பழைய குரல். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

“வந்துக்கினே இருக்கறங்க. அதுவரிக்கும் அந்தப் பொம்பள சொல்றதக் கேளுங்க. நல்லவதான்.”

“உனக்குத் தெரிஞ்சவளா?”

“நான்தான் அனுப்பனன்.”

உள்ளே போனேன். வேண்டா வெறுப்பாகக் கையை நீட்டினார். ஊசி ஏறியது.

இதை எல்லோருக்கும் வழியாகச் சொல்லவில்லை, உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். எங்கள் மருத்துவர், மூளையில் குரலை அறியும் பாதை வேறு, அது இவருக்குக் கெடவில்லை, முகம் எதிரே இல்லாதபோது குரலை நம்புகிறார் என்றார். அதன்பின் ரத்தநீர் மாற்று சிகிச்சை (ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது) நடந்தபோதெல்லாம் வராந்தாவில் நின்று போனில் பேசினேன்.

ஒரு காலையில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த என்னை வெகுநேரம் பார்த்தார். “எப்ப வந்த?” என்றார். இப்பத்தான் என்றேன்.

அந்த மாதங்கள் அவர் நினைவில் இல்லை. என் உடம்பில் இருக்கின்றன. வீடு திரும்பிக் கைநடுக்கம் குறைந்ததும் என்னை மறுபடி வரைய உட்கார வைத்தார். அளவெடுக்க, தூரிகையைப் பிடித்துக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் தலை தானாகக் குனிந்தது, கைகள் முகத்தை மூடிக்கொண்டன. மறுபடி முயன்றார். மறுபடியும் அப்படியே.

தூரிகையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். என் போன் அடித்தது.

“செல்வி, நான்தான். இப்ப வர்றன். கையத் தூக்குவன். அளவு எடுக்கத்தான்.”

“சரிங்க.”

“புருவத் தழும்ப எடுத்துடட்டா?”

“இருக்கறத வரைங்க” என்றேன்.

வந்தார். கை உயர்ந்தது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.